மலையின் நாடி பார்ப்போர்

நுழையும்முன்

இயற்கையின் சீற்றத்தைத் தடுக்க மனிதரால் இயலாது. ஆயினும், அது வருமுன் அறிந்து விலகி நிற்க இயலும். அறிந்தவர் சொல்லும் சொல், கேட்பவர் நெஞ்சில் சென்று சேர்ந்தால்தான் அவ்வறிவு உயிரைக் காக்கும். ஆறு ஆண்டு இடைவெளியில், இரு வேறு நாடுகளில் நிகழ்ந்த இரண்டு எரிமலை வெடிப்புகள் இவ்வுண்மையை விளக்குகின்றன.

காலடியில் ஒரு பழைய நெருப்பு

மும்பையிலும் புனேயிலும் வாழும் மாணவர்கள் நாள்தோறும் மிதித்து நடக்கும் கரும்பாறை, ஒரு காலத்தில் நெருப்பாறாக ஓடியது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, தக்காணத்தின் மேற்குப் பகுதியில் நிலம் பிளந்து, பூமியின் உள்ளிருந்து உருகிய பாறை வெளிப்பட்டது. அது அலையலையாகப் பரவி, அடுக்கடுக்காக ஆறிக் கெட்டியாயிற்று. அஜந்தா, எல்லோரா குகைகள் அந்தப் பாறையில்தான் குடையப்பட்டன. அப்பாறை உதிர்ந்து உருவான கரிசல் மண்ணில்தான் இன்று பருத்தி விளைகிறது.

தக்காணத்தின் நெருப்பு அணைந்து பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் உலகின் பல பகுதிகளில் அந்நெருப்பு இன்னும் அணையவில்லை. மீண்டும் வெடிக்கக்கூடியவை எனக் கருதத்தக்க எரிமலைகள், கடலடியில் நீளும் மலைத்தொடர்களை நீக்கியே, ஏறத்தாழ 1,350 உள்ளன. அவற்றின் அடிவாரங்களில் கோடிக்கணக்கான மக்கள் வாழ்கின்றனர்.

நெருப்பின் அருகே மக்கள் ஏன் குடியிருக்கின்றனர் என்று வியப்புத் தோன்றலாம். அதற்குத் தக்க காரணங்கள் உண்டு. எரிமலைச் சாம்பல் காலப்போக்கில் வளமான மண்ணாகிறது. மலையின் உயரம் மழையைத் தருகிறது. மேலும், ஓர் எரிமலை ஒருமுறை வெடித்தபின் பல நூறு ஆண்டுகள் உறங்கக்கூடும். பாட்டனுக்கும் முப்பாட்டனுக்கும் தெரியாத ஒரு நெருப்பைப் பற்றிப் பேரப்பிள்ளைகள் அஞ்சுவதில்லை. அவர்களுக்கு அது வெறும் மலை. ஆறு பிறக்கும் இடம். காடு விளையும் இடம். எரிமலையின் மிகப் பெரிய ஆபத்து இந்த மறதியே எனலாம்.

எரிமலை எவ்வாறு கொல்கிறது?

எரிமலை என்றதும் செந்நிற லாவா வழிந்தோடும் காட்சியே பலர் நினைவுக்கு வரும். உண்மையில், லாவா பெரும்பாலும் மெதுவாகவே ஊர்கிறது. வீடுகளையும் வயல்களையும் அது விழுங்கினாலும், மனிதர்கள் அதிலிருந்து விலகி ஓடப் பெரும்பாலும் நேரம் இருக்கும். உயிர்களை மிகுதியாகப் பறிப்பவை வேறு.

முதலாவது, அனல்பெருக்கு. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கற்களும் ஒன்றாகக் கலந்து, மலைச்சரிவில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மிகுந்த விரைவில் பாய்ந்து வரும். அதன் முன் ஓடித் தப்புவது அரிது.

இரண்டாவது, சேற்றுப்பெருக்கு. எரிமலைச் சாம்பலும் பாறைகளும் உருகிய பனியோடோ மழைநீரோடோ கலந்து, ஆற்றின் வழியே கரைபுரண்டு வரும். சாந்து குழைத்தது போன்ற அந்தச் சேறு, வீடுகளையும் பாலங்களையும் பெயர்த்துச் சென்றுவிடும். மலை கண்ணுக்கே தெரியாத தொலைவில் உள்ள ஊரையும் அது அழிக்கவல்லது.

மூன்றாவது, ஆழிப்பேரலை. 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது 36,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று. வெடிப்பினால் எழுந்த கடலலையே.

மலையின் நாடி

நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கும் வைத்தியர், உடலைத் திறவாமலே உள்ளே நிகழ்வதை உணர்கிறார். எரிமலை ஆய்வாளரின் பணியும் அத்தகையதே. பல கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள பாறைக்குழம்பை எவரும் நேரில் காண இயலாது. ஆயினும், அது மேலெழும்போது சில அடையாளங்களைத் தந்தே எழுகிறது.

அடுப்பில் மூடியிட்டு வைத்த உலை கொதிக்கும்போது நிகழ்வதை எண்ணிப் பார்க்கலாம். முதலில் உள்ளிருந்து ஓசை எழும். பின் மூடி நடுங்கும். விளிம்பில் ஆவி கசியும். எரிமலையிலும் ஏறத்தாழ இவையே நிகழ்கின்றன.

பாறைக்குழம்பு மேலே வர வழிதேடும்போது, குளிர்ந்த பாறைகள் உடைகின்றன. அதனால் சிறுசிறு நில அதிர்வுகள் தோன்றுகின்றன. மனிதர் உணராத நுண்ணிய அதிர்வையும் நில அதிர்வுமானி பதிவு செய்கிறது. பாறை உடைவதால் எழும் அதிர்வு ஒருவகை. பாறை இடுக்குகளில் வாயுவும் குழம்பும் அழுந்தி நகர்வதால் எழும் அதிர்வு மற்றொரு வகை. இரண்டின் அலைவடிவமும் வேறுபடும். பயிற்சி பெற்ற ஆய்வாளர் அவ்வேறுபாட்டைக் கண்டு, மலையினுள் என்ன நடக்கிறது என்று ஊகிப்பார்.

பாறைக்குழம்பு நிறைந்தால் மலை உப்புகிறது. அவ்வுப்பலைச் சாய்வுமானியாலும் செயற்கைக்கோள்களாலும் அளவிடுகின்றனர். 1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையில், வடக்குச் சரிவு நாளொன்றுக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேலாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மே 18ஆம் நாள் அந்தச் சரிவே பெயர்ந்து விழ, மலை வெடித்தது.

வாயுவும் ஒரு சான்று. குலுக்கிய சோடாப் புட்டியைத் திறந்தால், கரைந்திருந்த வாயு நுரையாகப் பொங்குவதைக் காணலாம். பாறைக்குழம்பிலும் நீராவியும், கரியமில வாயுவும், கந்தக டை ஆக்சைடும் கரைந்துள்ளன. குழம்பு மேலே வந்து அழுத்தம் குறையும்போது இவ்வாயுக்கள் பிரிந்து வெளியேறுகின்றன. ஆகவே, ஒரு மலை நாளொன்றுக்கு எத்தனை டன் கந்தக டை ஆக்சைடை வெளிவிடுகிறது என அளந்தால், பாறைக்குழம்பு எவ்வளவு அருகில் உள்ளது என்பதை ஓரளவு அறியலாம்.

இக்கருவிகளுக்கு முன்பே ஆய்வாளர் படிப்பது மலையைச் சூழ்ந்த மண்ணை. பழைய வெடிப்புகளின் சாம்பலும் சேறும் அடுக்குகளாகப் படிந்திருக்கும். அவற்றில் புதைந்த மரக்கரியின் வயதைக் கணித்தால், அம்மலை எப்போதெல்லாம் வெடித்தது, எதுவரை அழித்தது என்பவை தெரியவரும். அவற்றைக் கொண்டு இடர் வரைபடம் ஒன்றை உருவாக்குகின்றனர். எந்த ஊரில் சாம்பல் விழும், எந்தப் பள்ளத்தாக்கில் சேறு பாயும் என்பதை அவ்வரைபடம் வண்ணங்களால் காட்டும்.

எச்சரிப்பதன் இடர்

அடையாளங்கள் தெரிந்துவிட்டால் மக்களை உடனே வெளியேற்றிவிடலாமே எனத் தோன்றலாம். ஆனால் எரிமலை நாள் குறித்துக்கொண்டு வெடிப்பதில்லை. அதிர்ந்து புகைந்த மலைகள் பல, வெடிக்காமலே மீண்டும் அடங்கியிருக்கின்றன.

1976ஆம் ஆண்டு கரிபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவில் சூஃப்ரியேர் எரிமலை அதிர்ந்தது. ஆவியும் சாம்பலும் கக்கியது. 70,000 மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். மாதக்கணக்கில் வேறிடங்களில் தங்கினர். அஞ்சிய பெருவெடிப்போ நிகழவேயில்லை. வயலும் கடையும் பள்ளியும் முடங்கியதால் தீவே நலிந்தது. ஆய்வாளர்கள் தமக்குள் பகிரங்கமாக வாதிட்டதால், மக்கள் அவர்கள்மீது கொண்ட நம்பிக்கையும் குறைந்தது.

எச்சரிக்காமல் இருந்தால் உயிர்கள் அழியலாம். எச்சரித்தும் வெடிக்காவிட்டால், அடுத்த முறை எவரும் செவிமடுக்கமாட்டார்கள். ஆய்வாளரும் ஆட்சியாளரும் இவ்விரண்டுக்கும் இடையே நின்று முடிவெடுக்க வேண்டியுள்ளது.

அர்மேரோ: சென்று சேராத சொல்

தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் நெவாடோ டெல் ரூயிஸ் என்னும் எரிமலை உள்ளது. 5,300 மீட்டருக்கும் மிகுந்த உயரம் உடையது. அதன் உச்சியை எப்போதும் பனி மூடியிருக்கும். அம்மலையில் பிறக்கும் லகூனில்லா ஆறு சமவெளியை அடையும் இடத்தில் அர்மேரோ என்ற ஊர் இருந்தது. வளமான மண், பருத்தியும் நெல்லும் விளைந்த பூமி, ஏறத்தாழ 29,000 மக்கள்.

அவ்வூர் நின்ற நிலமே பழைய சேற்றுப்பெருக்கு கொண்டுவந்து சேர்த்தது. 1595ஆம் ஆண்டிலும் 1845ஆம் ஆண்டிலும் மலையிலிருந்து சேறு பாய்ந்து வந்தது. 1845ஆம் ஆண்டுச் சேற்றில் ஏறத்தாழ 1,000 பேர் இறந்தனர். அந்தச் சேறு காய்ந்த இடத்தில்தான் அர்மேரோ எழுந்தது.

1984ஆம் ஆண்டின் இறுதியில் மலை அதிரத் தொடங்கியது. 1985 செப்டம்பரில் ஆவியும் சாம்பலும் கக்கியது. அக்டோபர் தொடக்கத்தில் இடர் வரைபடம் வெளியிடப்பட்டது. சேற்றுப்பெருக்கு வரக்கூடிய பாதையில் அர்மேரோ இருப்பதை அது தெளிவாகக் காட்டியது. ஆயினும், பலர் அதை மிகைப்படுத்திய அச்சம் என்று கருதினர். ஊரைக் காலிசெய்வதற்கு ஆகும் செலவையும் இழப்பையும் எண்ணி ஆட்சியாளர்கள் தயங்கினர்.

நவம்பர் 13ஆம் நாள் பிற்பகலில் மலை புகைந்தது. மாலையில் அர்மேரோவின்மீது சாம்பல் தூவியது. வானொலியும் தேவாலய ஒலிபெருக்கியும் மக்களை அமைதியாக இருக்குமாறு கூறின. இரவு 9 மணியளவில் மலை வெடித்தது. எரிமலைகளின் வரலாற்றில் அது பெரிய வெடிப்பன்று. ஆனால் அனல்பட்டு உச்சிப்பனியில் ஒரு பகுதி உருகியது. அந்நீர் சாம்பலையும் பாறையையும் வாரிக்கொண்டு ஆற்றில் இறங்கியது. 70 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து, இரவு பதினொன்றரை மணியளவில் உறங்கிக்கொண்டிருந்த அர்மேரோவை மூடியது. அவ்வூரில் மட்டும் 20,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மொத்த உயிரிழப்பு ஏறத்தாழ 23,000.

வெடிப்புக்கும் சேறு ஊரை அடைந்ததற்கும் இடையே இரண்டரை மணிநேரம் இருந்தது. நடந்து சென்று அடையக்கூடிய தொலைவில் மேட்டுநிலமும் இருந்தது. வரைபடமும் வரையப்பட்டிருந்தது. அறிவுக்குக் குறைவில்லை. அந்த அறிவு, எழுந்து நட என்னும் ஒற்றைச் சொல்லாக மாறி வீட்டு வாயிலை எட்டவில்லை. அதுவே குறை.

பினாதுபோ: செவியில் ஏறிய சொல்

அர்மேரோவின் துயரம் உலகின் எரிமலை ஆய்வாளர்களை உலுக்கியது. அதன் விளைவாக, 1986ஆம் ஆண்டு அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் ஒரு சிறு குழுவை அமைத்தது. எந்த நாடு அழைத்தாலும் கருவிகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு புறப்படுவதும், அந்நாட்டு ஆய்வாளருடன் இணைந்து பணியாற்றுவதும் அக்குழுவின் கடமை. ஐந்தே ஆண்டுகளில் அதற்குப் பெருஞ்சோதனை வந்தது.

பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசான் தீவில், தலைநகர் மணிலாவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் பினாதுபோ மலை உள்ளது. அது ஏறத்தாழ 500 ஆண்டுகள் உறங்கியது. காடு அடர்ந்த அதன் சரிவுகளில் ஏட்டா என்னும் பழங்குடியினர் வாழ்ந்தனர். மலையைச் சூழ்ந்த ஊர்களில் ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் வசித்தனர். கிழக்கே கிளார்க் என்னும் அமெரிக்க விமானப்படைத் தளம் இருந்தது.

1991 மார்ச் மாதத்தில் மலையடிவார மக்கள் நில அதிர்வை உணர்ந்தனர். ஏப்ரல் 2ஆம் நாள் மலையின் வடபகுதியில் நிலம் வெடித்து ஆவி பீறிட்டது. ஏட்டா மக்களிடையே பணியாற்றிய அருட்சகோதரி ஒருவர் இச்செய்தியை ஆய்வாளர்களிடம் கொண்டு சேர்த்தார். பிலிப்பைன்ஸ் எரிமலை, நில அதிர்வு ஆய்வு நிறுவனம் உடனே கருவிகளை நிறுவியது. அதன் இயக்குநர் ரேமுண்டோ புனோங்பயான். அவருடைய அழைப்பின்பேரில், கிறிஸ் நியூஹால் தலைமையில் அமெரிக்கக் குழுவும் வந்து சேர்ந்தது.

மண்ணின் அடுக்குகளைத் தோண்டிப் பார்த்த ஆய்வாளர்கள் திகைத்தனர். பினாதுபோ அரிதாகவே வெடிக்கும். ஆனால் வெடித்தால் மிகப் பெரிதாக வெடிக்கும் என்பதைப் பழைய படிவுகள் காட்டின. நாளும் நூற்றுக்கணக்கில் அதிர்வுகள் பதிவாயின. மே 13ஆம் நாள் 500 டன்னாக இருந்த கந்தக டை ஆக்சைடு, மே 28ஆம் நாள் 5,000 டன்னாக உயர்ந்தது. அதன்பின் அது வெகுவாகச் சரிந்தது. இச்சரிவுக்கு இரு பொருள் கொள்ளலாம்: பாறைக்குழம்பு அடங்குகிறது என்பது ஒன்று; வாயு வெளியேறும் வழி அடைபட்டு, உள்ளே அழுத்தம் பெருகுகிறது என்பது மற்றொன்று. ஆய்வாளர்கள் இரண்டாவதையே அஞ்சினர்.

ஆனால் மலையை அறிவதைவிட மக்களை நம்பவைப்பதே கடினமாக இருந்தது. பினாதுபோ ஓர் எரிமலை என்பதையே பலர் ஏற்கவில்லை. ஆய்வாளர்கள் மூன்று வழிகளைக் கையாண்டனர்.

ஒன்று, அறிவியல் அளவீடுகளை எளிய ஐந்து படிநிலைகளாக மாற்றினர். மூன்றாம் நிலை என்றால், இரண்டு வாரத்துக்குள் வெடிக்கக்கூடும். நான்காம் நிலை என்றால், 24 மணிநேரத்துக்குள் வெடிக்கக்கூடும். ஐந்தாம் நிலை என்றால், வெடிப்பு தொடங்கிவிட்டது. உழவரும் வணிகரும் படைத்தலைவரும் ஒன்றுபோலப் புரிந்துகொள்ள இயன்றது.

இரண்டு, இடர் வரைபடத்தை வரைந்து உரியவர்களிடம் நேரில் சென்று விளக்கினர்.

மூன்று, ஒரு திரைப்படத்தைக் காட்டினர். மோரிஸ் கிராஃப்ட், காத்யா கிராஃப்ட் என்னும் பிரெஞ்சு நாட்டுத் தம்பதியர் உலகெங்கும் சென்று, எரிமலைகளை மிக அருகில் நின்று படம்பிடித்தவர்கள். எரிமலையின் ஆபத்தைச் சாதாரண மக்களும் உணரவேண்டும் என்பதற்காக அவர்கள் ஒரு விளக்கப்படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தனர். அனல்பெருக்கு எவ்வாறு பாயும், சேறு எவ்வாறு ஊரை மூடும் என்பதை அப்படம் காட்டியது. பக்கம்பக்கமாகப் படித்தும் அசையாத மனங்கள், அதைப் பார்த்ததும் அசைந்தன.

ஜூன் 5ஆம் நாள் மூன்றாம் நிலை அறிவிக்கப்பட்டது. ஜூன் 7இல் நான்காம் நிலை. ஜூன் 9இல் ஐந்தாம் நிலை. மலையைச் சுற்றி முதலில் 10 கிலோமீட்டர், பின்பு 20, பின்பு 30, இறுதியில் 40 கிலோமீட்டர் என வெளியேற்ற வட்டம் விரிந்தது. ஜூன் 10ஆம் நாள் கிளார்க் தளத்திலிருந்து 14,000க்கும் மேற்பட்டோர் புறப்பட்டனர். ஆய்வாளர்களில் சிலர் மட்டும் கருவிகளோடு அங்கேயே தங்கினர்.

ஜூன் 12ஆம் நாள் காலையில் முதற்பெருவெடிப்பு நிகழ்ந்தது. ஜூன் 15ஆம் நாள் உச்ச வெடிப்பு. சாம்பல் தூண் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் உயரம் எழுந்தது. அதே நாளில் யூன்யா என்னும் புயலும் அத்தீவைத் தாக்கியது. பகல் இரவாயிற்று. மலையைச் சுற்றி வைத்த அதிர்வுமானிகள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. இறுதிவரை நின்ற ஆய்வாளர்களும் அப்போதுதான் வெளியேறினர். வெடிப்பு ஓய்ந்தபோது மலையின் உச்சியே இல்லை. அங்கே 2.5 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம் இருந்தது.

20ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளுள் ஒன்று அது. அது வானில் கக்கிய கந்தகத் துகள்களால், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உலகின் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸ் குறைந்தது. ஆயினும், அவ்வெடிப்பில் உடனடியாக இறந்தோர் சில நூற்றுவரே. புயல்மழையில் நனைந்து கனத்த சாம்பல் கூரைகளை வீழ்த்தியதே அவ்விறப்புகளுக்கு முதன்மைக் காரணம். முன்னெச்சரிக்கையால் குறைந்தது 5,000 உயிர்கள் காக்கப்பட்டதாக ஆய்வாளர் கணித்துள்ளனர்.

இவ்வெற்றியிலும் ஒரு வடு உண்டு. நெருப்பிலிருந்து தப்பிய ஏட்டா மக்கள் முகாம்களில் நெருக்கமாகத் தங்கவைக்கப்பட்டனர். அங்கே தட்டம்மை பரவியது. அவர்களின் குழந்தைகள் பலர் இறந்தனர். மக்களை ஓரிடத்திலிருந்து அகற்றினால் மட்டும் போதாது. சென்று சேரும் இடத்தில் மருந்தும் தூய நீரும் பாதுகாப்பும் காத்திருக்க வேண்டும். இதுவும் பினாதுபோ கற்பித்த பாடமே.

அருகில் நின்றவர்கள்

எரிமலையை அறிய ஒருவர் அதன் அருகே செல்ல வேண்டும். அருகே சென்றவர் அனைவரும் திரும்புவதில்லை. செயின்ட் ஹெலன்ஸ் மலை வெடித்த நாளில், ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் நின்று அளவெடுத்துக்கொண்டிருந்தார் டேவிட் ஜான்ஸ்டன். அவருக்கு வயது 30. மக்களை அப்பகுதிக்குள் விடக்கூடாது என்று வற்புறுத்தியவர்களுள் அவரும் ஒருவர். அன்று இறந்த 57 பேரில் அவரும் அடங்குவார்.

பினாதுபோ மக்களை எழுப்பிய படத்தை எடுத்த கிராஃப்ட் தம்பதியர், அப்படம் செய்த நன்மையைக் காணவில்லை. 1991 ஜூன் 3ஆம் நாள் ஜப்பானின் உன்சென் எரிமலையில் பாய்ந்த அனல்பெருக்கில் 43 பேர் இறந்தனர். அவர்களுள் அவ்விருவரும் இருந்தனர். பினாதுபோவின் உச்ச வெடிப்புக்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் முன்பு அது நிகழ்ந்தது.

நம் கடலும் நம் கரையும்

இந்தியாவில் இன்றும் உயிர்ப்புடன் உள்ள எரிமலை அந்தமான் கடலில் இருக்கும் பாரன் தீவு ஆகும். அந்தமானின் தலைநகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டர் தொலைவில் அது உள்ளது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அமைதியாக இருந்த அத்தீவு, பினாதுபோ வெடித்த அதே 1991ஆம் ஆண்டு மீண்டும் விழித்தது. அதன்பின்னும் பலமுறை சாம்பலும் லாவாவும் கக்கியுள்ளது. 2017ஆம் ஆண்டு கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கப்பலிலிருந்து அதன் சீற்றத்தைக் கண்டு பதிவு செய்தனர். அங்கே மனிதர் எவரும் குடியிருக்கவில்லை என்பது நற்பேறு.

ஆனால் எச்சரிக்கை வந்து சேராத துயரம் தமிழ்நாட்டுக் கரைக்கும் புதிதன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை, இந்திய நேரம் ஏறத்தாழ ஆறரை மணிக்குச் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் பெயர்ந்தது. ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தையும் கடலூரையும் சென்னையையும் தொட இரண்டு மணிநேரத்துக்கும் மேலாயிற்று. அர்மேரோவுக்குக் கிடைத்ததைப் போன்றே, இங்கும் நடந்து தப்பப் போதிய நேரம். சொல்வதற்கு ஓர் அமைப்புதான் இல்லை. கரையில் நின்ற ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன்பின் 2007ஆம் ஆண்டு ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் அமைக்கப்பட்டது. இன்று கடலடியில் பேரதிர்வு நேர்ந்தால், சில நிமிடங்களிலேயே அங்கிருந்து கரையோர மாநிலங்களுக்குச் செய்தி செல்கிறது.

கருவி மலையின் அசைவையும் கடலின் அசைவையும் எண்களாகத் தருகிறது. அவ்வெண்களை மனிதர் மொழியில் சொல்பவர் ஒருவர் வேண்டும். அச்சொல்லை நம்பி, வாயிற்கதவைத் திறந்து, முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு மேட்டை நோக்கி நடப்பவர்களும் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அர்மேரோ மீண்டும் நிகழும். மூன்றும் கூடினால், மலை வெடித்தாலும் மக்கள் வாழ்வர்.

சொற்பொருள்

பாறைக்குழம்பு – பூமியின் உள்ளே உருகிய நிலையில் உள்ள பாறை
லாவா – பூமிக்கு வெளியே வந்த பாறைக்குழம்பு
படிவு – காலப்போக்கில் அடுக்காகச் சேர்ந்தது
இடர் – துன்பம், ஆபத்து
செவிமடுத்தல் – காதுகொடுத்துக் கேட்டல்
வடு – தழும்பு

சிந்தித்து எழுதுக

1. லாவாவைவிட அனல்பெருக்கும் சேற்றுப்பெருக்கும் கொடியவை. ஏன்?
2. மே மாத இறுதியில் பினாதுபோவில் வாயுவின் அளவு குறைந்ததை ஆய்வாளர்கள் எவ்வாறு விளங்கிக்கொண்டனர்?
3. அர்மேரோவில் இல்லாததும் பினாதுபோவில் இருந்ததும் யாவை? ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.
4. குவாதலூப் தீவில் மக்களை வெளியேற்றியது சரியா, தவறா? வகுப்பில் இரு அணியாகப் பிரிந்து உரையாடுக.
5. வெள்ளம், புயல், நிலச்சரிவு ஆகியவற்றுள் உங்கள் ஊருக்கு நேரக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்குரிய எச்சரிக்கையை எவரும் புரிந்துகொள்ளும் ஐந்து எளிய தமிழ் வாக்கியங்களில் எழுதுக. அதை உங்கள் வீட்டு முதியவர் ஒருவரிடம் படித்துக் காட்டி, அவருக்குப் புரிந்ததா எனக் கேட்டறிக.